வலக்கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போகின்றன: கழுத்தில் ஊசி போட்டுக்கொள்வதா, அறுவை செய்துகொள்வதா?

பட்டறை_கோவை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. கோயம்புத்தூரில் 25 ஆண்டுகளாக நகைப் பட்டறையில் கல் பதிக்கும் வேலை செய்கிறேன். தாழ்ந்த பலகையின் முன் சம்மணமிட்டு அமர்ந்து, கழுத்தைக் கவிழ்த்தபடி நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் இருப்பது எங்கள் தொழிலின் இயல்பு. கழுத்து வலி மூன்று ஆண்டுகளாகவே விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ஆனால் கடந்த நான்கு மாதங்களாக வலத் தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் தொடங்கி, மேற்கையின் வெளிப்புறமாக இறங்கி, கட்டைவிரல், ஆள்காட்டி விரல் வரை மின்சாரம் பாய்வதைப் போலச் சுண்டி இழுக்கிறது. அந்த இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன. பதித்த கல் ஆடுகிறதா இல்லையா என்பதை விரல்நுனியால்தான் அறிந்துகொள்வேன். இப்போது அந்த உணர்வை நம்ப முடியவில்லை என்பதே எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் சி5–சி6, அதாவது கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வு வலப்புறமாகப் பிதுங்கி, நரம்பு வெளியேறும் துளையைக் குறுக்கியிருப்பதாகவும், சி4–சி5, சி6–சி7 இடங்களில் லேசான புடைப்பு இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை தந்தார்கள். வலி சற்றுக் குறைந்தாலும் தலைசுற்றல் வருவதால், தீ முன் அமரும் வேலையில் அதைத் தொடர அஞ்சுகிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது; கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 8.1.

ஒரு மருத்துவமனையில், அறுவை இல்லாமலேயே குணப்படுத்திவிடலாம் என்று சொல்லி, மூன்று ஸ்டீராய்டு ஊசிகள், ஓசோன் ஊசி, ரேடியோ அலைச் சிகிச்சை ஆகிய அனைத்தையும் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டச் சொன்னார்கள். இன்னொரு மருத்துவர் ஜவ்வை எடுத்துவிட்டு இரண்டு எலும்புகளையும் தகடு வைத்து இணைக்க வேண்டும் என்கிறார். மூன்றாமவர் லேசர் என்கிறார். ஊசியால் இது உண்மையிலேயே குணமாகுமா, கழுத்தில் ஊசி போட்டால் கை கால் விழுந்துவிடும் என்று உறவினர்கள் சொல்வதில் உண்மை உண்டா, என் நிலையில் எது பொருந்தும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மயக்கவியல்_மதுரை பதில்:

ஐயா, நான் மயக்கவியல் படித்து, பின்னர் வலி நிவாரண மருத்துவத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்களை நேரில் சோதிக்காமல் இது செய்யுங்கள், அது செய்யுங்கள் என்று சொல்வது முறையாகாது. ஆனால் உங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

கழுத்தில் எலும்புகள் ஏழு, வெளியேறும் நரம்பு வேர்கள் பக்கத்துக்கு எட்டு. சி5–சி6 இடையில் பிதுங்கும் ஜவ்வு பெரும்பாலும் ஆறாவது வேரைத்தான் தொடும். அந்த வேரின் உணர்வுப் பகுதி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஆகும். ஆகவே உங்கள் விரல்கள் சொல்வதும் படம் சொல்வதும் ஒத்துப்போகின்றன. மற்ற இரண்டு இடங்களில் உள்ள லேசான புடைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஜப்பானில் கழுத்துத் தொல்லை ஏதும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுள் 87.6 விழுக்காட்டினருக்கு ஜவ்வுப் புடைப்பு இருந்தது. படத்தில் தெரிவதற்கெல்லாம் சிகிச்சை செய்யப் புகுந்தால் ஊரில் பாதிப்பேர் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும்.

இனி ஊசியைப் பற்றிச் சொல்கிறேன். வலிக்கு நரம்பு நசுங்குவது மட்டும் காரணமன்று. ஜவ்வின் உட்பொருள் கசிந்து வேரைச் சுற்றி அழற்சியை உண்டாக்குவதும் காரணமாகும். ஸ்டீராய்டு ஊசி அந்த அழற்சியைத் தணிக்கிறதே தவிர, பிதுங்கிய ஜவ்வை உள்ளே தள்ளுவதில்லை. ஜவ்வு தானாகவே மாதக்கணக்கில் சுருங்குவது உண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு வேர் பாதிப்பு கண்ட 561 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், கடைசியாகப் பார்த்தபோது ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வலியின்றியோ மிக லேசான தொல்லையுடனோ இருந்தார்கள். அவர்களுள் 26 விழுக்காட்டினருக்கு இடையில் அறுவை தேவைப்பட்டிருந்தது. இயற்கை தன் வேலையை முடிக்கும்வரை, நீங்கள் தூங்கவும், பயிற்சி செய்யவும், தொழிலைத் தொடரவும் இடம் தருவதே ஊசியின் பயன். அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவரை நான் நம்ப மாட்டேன்.

உங்கள் உறவினர்களின் அச்சம் வெறும் வதந்தி அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கழுத்தின் பக்கவாட்டிலிருந்து, நரம்புத் துளைக்குள் ஊசியைச் செலுத்தும் முறையில், அருகிலுள்ள நுண்ணிய தமனிக்குள் மருந்து போய்விடக்கூடும். ட்ரையாம்சினலோன், மெத்தில்பிரெட்னிசலோன் போன்ற துகள் கொண்ட ஸ்டீராய்டுகள் அந்தத் தமனிகளை அடைத்து, மூளையிலும் தண்டுவடத்திலும் ரத்த ஓட்டத்தை நிறுத்திய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. 2014 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதுகுறித்து எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வகுத்த பாதுகாப்பு நெறிகளின்படி, பின்புறமாக இரண்டு எலும்புகளுக்கு நடுவே போடும் ஊசியை, இடம் சற்று அகலமாக இருக்கும் கழுத்தின் அடிப்பகுதியில், அதாவது கழுத்தின் கடைசி எலும்புக்கும் மார்புப் பகுதியின் முதல் எலும்புக்கும் நடுவிலுள்ள சி7–டி1 இடைவெளியில் போடுவதே சிறந்தது. சி6–சி7-க்கு மேலே போகக் கூடாது. பக்கவாட்டு முறையில் துகள் கொண்ட ஸ்டீராய்டைப் பயன்படுத்தவே கூடாது. சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியின் கீழ், சாயம் செலுத்தி அது எங்கே பரவுகிறது என்று பார்த்த பிறகே மருந்து செலுத்த வேண்டும். எக்ஸ்ரே இல்லாமல் கையால் தடவிப் பார்த்துக் கழுத்தில் போடுகிறேன் என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். முழு மயக்கம் தருவதாகச் சொன்னாலும் ஏன் என்று கேளுங்கள்; ஊசி தவறான இடத்தைத் தொட்டால் “கை சுண்டுகிறது டாக்டர்” என்று சொல்ல நீங்கள் விழித்திருக்க வேண்டும்.

மூன்று ஊசிகளுக்கு முன்கூட்டியே பணம் கட்டுவதில் மருத்துவ நியாயம் எதுவும் இல்லை. முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து நிலையைப் பார்த்துத்தான் அடுத்தது தேவையா என்று முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சில நாட்கள், சிலருக்கு இரண்டு வாரம் வரை, சர்க்கரை ஏறும். உங்கள் எச்பிஏ1சி 8.1 ஆக இருப்பதால், ஊசிக்கு முன்பே சர்க்கரை மருத்துவரைப் பார்த்து மாத்திரை அளவைப் பேசிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை எதையாவது எடுத்துக்கொண்டால் அதையும் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரேடியோ அலைச் சிகிச்சை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. கழுத்தின் பின்புறச் சிறு மூட்டுகளிலிருந்து வரும் வலிக்கு, அந்த மூட்டுகளின் நரம்பை 80 டிகிரி வெப்பத்தில் சுடுவது ஒன்று. ஆஸ்திரேலியாவில் விபத்துக்குப் பின் கழுத்து வலி நீடித்த 24 பேரிடம் செய்து 1996-இல் வெளியான ஆய்வில், உண்மைச் சிகிச்சை பெற்றோருக்கு வலி பாதியளவு திரும்ப இடைநிலை அளவாக 263 நாட்கள் ஆயின. போலிச் சிகிச்சை பெற்றோருக்கு 8 நாட்கள்தான். ஆனால் அது கழுத்து வலிக்கு உரியது. கைக்கு இறங்கும் வலிக்கு உதவாது. நரம்பு வேரின் முடிச்சருகே 42 டிகிரியைத் தாண்டாமல் விட்டுவிட்டுத் துடிப்பாகத் தருவது மற்றொன்று. இதற்குச் சான்று உண்டு என்றாலும், 2007-இல் வெளியான முக்கியமான ஆய்வில் பங்கேற்றோர் 23 பேரே. உங்களுக்கு எதைச் செய்யப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லேசரும் ஓசோனும் ஜவ்வின் வெளியுறை கிழியாத சிறு புடைப்புக்கென்று சொல்லப்படுபவை. கழுத்தைப் பொறுத்தவரை அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சான்று மெலிந்தது என்பது என் கருத்து.

நெல்லை_ஆசிரியை பதில்:

மருத்துவர் ஐயா எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எனக்குச் சி6–சி7 இடையில் ஜவ்வு விலகல். வலி இடக்கையின் பின்புறமாக நடுவிரலுக்கு இறங்கும். கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் மட்டும் சற்று ஆறும். இரவெல்லாம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். எக்ஸ்ரே உதவியுடன் ஒரே ஒரு ஊசி போட்டார்கள். நான்காம் நாளிலிருந்து வலி பெரிதும் தணிந்தது. ஆறு மாதங்களுக்குப் பின் முதல்முறையாக அன்று இரவு படுத்துத் தூங்கினேன்.

தவறு அதற்குப் பின்தான் நேர்ந்தது. வலி போனதால் நோய் போய்விட்டது என்று நினைத்து, மறு பரிசோதனைக்குப் போகவில்லை. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழும்போது இடமுழங்கை மடங்கிவிடுவதையும், கனமான இரும்புக் கதவைத் தள்ள முடியாமல் போவதையும் வயதின் தளர்ச்சி என்று எண்ணினேன். மூன்று மாதங்கள் கழித்து என் மகள்தான் இரண்டு மேற்கைகளையும் அளந்து பார்த்து, இடக்கை மெலிந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். வலியை ஊசி அடக்கியிருந்ததே தவிர, வேர் நசுங்கியபடியே இருந்திருக்கிறது. பின்னர் முன்பக்கமாக அறுவை செய்து எலும்புகளை இணைத்தார்கள். வலியே இல்லை, ஆனால் முழங்கையை நீட்டும் வலிமை முழுவதும் திரும்பவில்லை. ஊசியை நான் குறை சொல்ல மாட்டேன், அது தன் வேலையைச் செய்தது. அது வேலை செய்கிறபோது கையின் வலிமையை யார் கவனிக்கிறார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், தம்பி.

இயன்முறை_திருச்சி பதில்:

பட்டறை அண்ணா, நான் இயன்முறை மருத்துவர். ஊசிக்குத் தேதி குறிப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போவதற்குக் கழுத்து மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. மணிக்கட்டின் உள்ளே நடு நரம்பு நசுங்கினாலும் இதே விரல்கள்தான் மரத்துப்போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும், நாள் முழுவதும் குறடும் சாமணமும் இறுகப் பிடித்து வேலை செய்பவர்களிடமும் அது அதிகம். இரவில் விரல் மரத்து விழிப்பு வந்து, கையை உதறினால் சரியாகிறதா? நடுவிரலும் சேர்ந்து மரத்துப்போகிறதா? அப்படியானால் மணிக்கட்டையும் சந்தேகிக்க வேண்டும். மாறாக, தலையைச் சாய்த்து வலப்புறம் திருப்பி மேலே பார்க்கும்போது கைக்குள் வலி பாய்ந்தால் அது கழுத்தைக் காட்டுகிறது. நரம்புக் கடத்தல் சோதனை இதைப் பிரித்துச் சொல்ல உதவும். ஏனெனில், கழுத்தில் வேர் நசுங்கியிருந்தால் விரல்களின் உணர்வு நரம்புக் கடத்தல் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், மணிக்கட்டில் நசுங்கினால் அது மந்தப்படும். காரணம் மணிக்கட்டில் இருக்கும்போது கழுத்தில் எத்தனை ஊசி போட்டாலும் விரலின் உணர்வு திரும்பாது.

கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் போடாதீர்கள். நெதர்லாந்தில் 205 பேரிடம் செய்து 2009-இல் வெளியான ஆய்வில், வலி தொடங்கிய ஆரம்ப வாரங்களில் மூன்று முதல் ஆறு வாரம் வரை பட்டையும் ஓய்வும், அல்லது ஆறு வாரப் பயிற்சியும், சும்மா காத்திருப்பதைவிட வலியை விரைவாகக் குறைத்தன. நீங்கள் நான்காம் மாதத்தில் இருக்கிறீர்கள். இனி உங்களுக்குப் பயிற்சிதான். அதைவிட முக்கியமாக, வேலையைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும், கண்ணை வேலைக்குக் கொண்டுபோகக் கூடாது. பட்டறைப் பலகையை மார்பு மட்டத்துக்கு உயர்த்தி, முழங்கைகளை அதன் மேல் ஊன்றி வேலை செய்து பாருங்கள். முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பிதுங்கிய ஜவ்வு உள்ள கழுத்தில் அது தண்டுவடத்தையே பாதிக்கலாம். கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களும் உண்டு.

பட்டறை_கோவை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இயன்முறைத் தம்பி சொன்னது போலவே இரவில் கையை உதறிக்கொண்டு எழுவது எனக்கு உண்டு. அதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தலையை வலப்புறம் சாய்த்து மேலே பார்த்தால் தோளிலிருந்து சுண்டவும் செய்கிறது. நரம்புக் கடத்தல் சோதனைக்கு எழுதி வாங்கியிருக்கிறேன். இன்னொரு சந்தேகம்: அறுவை தேவைப்பட்டால், எலும்புகளை இணைக்காமல் பின்பக்கமாகச் சிறு துளை வழியே நரம்பை மட்டும் விடுவிக்கும் முறை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது எல்லோருக்கும் பொருந்துமா?

தண்டுவடம்_வேலூர் பதில்:

நான் நரம்பியல் அறுவை மருத்துவர். நீங்கள் கேள்விப்பட்டது நரம்புத் துளையை அகலமாக்கும் அறுவை. சாவித்துளை அறுவை என்றும் சொல்வார்கள். எண்ணம் புதியதன்று, 1940-களிலிருந்தே செய்யப்படுகிறது. புதியது கருவிதான். முன்பு தசைகளை எலும்பிலிருந்து பிரித்து விலக்கினோம். இப்போது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியே, தசைகளை வெட்டாமல் விலக்கிக் குழாயையோ எண்டோஸ்கோப்பையோ செலுத்தி, வேரின் மேல் இருக்கும் எலும்பின் ஓரத்தைத் துருவி எடுக்கிறோம். அங்குள்ள பின்புறச் சிறு மூட்டின் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதுதான் அந்த அறுவையின் உயிர்நாடி. அதைத் தாண்டினால் கழுத்து ஆட்டம் காணும். தகடோ திருகோ கிடையாது, அந்த இடத்தின் அசைவும் போகாது.

நெதர்லாந்தில் 265 பேரிடம் முன்பக்க இணைப்பு அறுவையையும் இந்தப் பின்பக்க அறுவையையும் ஒப்பிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் பின்பக்க அறுவை முன்பக்க அறுவைக்குக் குறைந்ததாக இல்லை என்று கண்டார்கள். முன்பக்கம் போகும்போது சில வாரங்கள் விழுங்குவதில் சிரமமும் குரல் கம்மலும் வரலாம். பின்பக்கத்தில் அது இல்லை; கழுத்துத் தசை வலி சில நாட்கள் கூடுதலாக இருக்கும். ஆனால் பொருத்தம் பார்க்க வேண்டும். ஜவ்வு பக்கவாட்டில் பிதுங்கியிருக்க வேண்டும். நடுவில் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினாலோ, கழுத்தின் வளைவு எதிர்ப்புறமாகத் திரும்பியிருந்தாலோ பின்பக்க வழி கூடாது. உங்கள் அறிக்கையில் தண்டுவட அழுத்தம் பற்றி எதுவும் இல்லை; படத்தை வைத்து அறுவை மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள்.

கையின் வலிமையை யார் கவனிப்பது என்று ஆசிரியை அம்மா எழுப்பிய கேள்விக்கும் இதோடு பதில் சொல்லிவிடுகிறேன். பட்டறைக்காரரே, உங்கள் ஆறாவது வேருக்கு உரிய வலிமை இரண்டு இடங்களில் தெரியும்: முழங்கையை மடக்குவதிலும், மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்குவதிலும். வாரம் ஒருமுறை வீட்டில் ஒருவரை எதிர்த்து அழுத்தச் சொல்லி, இடக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வலிமை குறைந்துகொண்டே வந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊசிகளில் காலத்தைச் செலவிடாமல் அறுவை மருத்துவரிடம் வாருங்கள். சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், கால்கள் விறைத்தல், சிறுநீர் அடக்குவதில் சிரமம் ஆகியவற்றில் எது வந்தாலும் அது தண்டுவடம் நசுங்குவதன் அடையாளம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பட்டறை_கோவை எழுதியது (ஏழு வாரங்களுக்குப் பிறகு):

உதவியவர்களுக்கு நிலையைத் தெரிவிப்பது முறை என்பதால் எழுதுகிறேன். சோதனையில் வல மணிக்கட்டில் நடு நரம்பு மிதமாக நசுங்கியிருப்பது தெரிந்தது. கையில் இறங்கும் வலிக்கு ஆறாவது வேரே காரணம் என்று மருத்துவர் உறுதி செய்தார். ஆக, இரண்டு இடங்களிலும் தொல்லை இருந்திருக்கிறது. இரவில் மணிக்கட்டுக்குச் சிம்புப் பட்டை போட்டுக்கொண்டு தூங்குகிறேன். உதறிக்கொண்டு எழுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. மொத்தத் தொகை கேட்ட இடத்துக்குப் போகவில்லை. சர்க்கரை மருந்தை மாற்றி மூன்று வாரம் கட்டுப்படுத்திய பின், வேறோர் இடத்தில் எக்ஸ்ரேயின் கீழ், சி7–டி1 இடைவெளியில் ஒரே ஒரு ஊசி போட்டார்கள். நான் விழித்தே இருந்தேன். ஊசிக்குப் பின் ஐந்து நாட்கள் காலைச் சர்க்கரை 240-ஐத் தாண்டியது, பிறகு இறங்கிவிட்டது. சுண்டி இழுக்கும் வலி பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது. ஆள்காட்டி விரலில் உணர்வு தெளிந்துவிட்டது. கட்டைவிரல் நுனி இன்னும் மந்தமாகவே இருப்பதால், நுண்ணிய கற்களை இப்போதைக்கு என் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன்.

பலகையின் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி உயர்த்தி, முக்காலியில் அமர்ந்து வேலை செய்கிறேன். முதல் பத்து நாட்கள் கை பழகவில்லை, இப்போது பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி என் இரு மணிக்கட்டுகளையும் அழுத்திப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறாள். இதுவரை ஐந்து வாரக் குறிப்புகளிலும் வலக்கை இறங்கவில்லை. இரண்டாம் ஊசி வேண்டுமா என்பதை வரும் மாதப் பரிசோதனையில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.